மூன்று சிவப்பு, ஒரு பச்சை

"உங்க தம்பி கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னார்?" என்று மேடம் கேட்டார்.

"சாப்பாடு எடுத்து வை, வர லேட்டாகும்னு சொன்னான்," என்றார் அந்தப் பெண். "ஓடிப் போறவன் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லுவானா மேடம்?"

பதில் தெரிந்த கேள்விகளுக்கு மேடம் வாயைத் திறப்பதில்லை. பல வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவர். நசுங்கிய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும், ஓட்டியவன் வீட்டில் யாரோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினான் என்பது வரை சொல்லிவிடுவார். நான் அவருடைய உதவியாளன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று எனக்கும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேடம் 'குடைச்சல்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது. சம்பளக் கவரிலும் அப்படித்தான் எழுதுகிறார்.

நாங்கள் மூவரும் ஒரு லிஃப்ட் கம்பெனியின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தோம். அந்த அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலை ட்ரிப்பை முடித்துவிட்டுச் சீருடையோடு வந்திருந்தார். அவருடைய தம்பி இந்தக் கம்பெனியில் வேலை செய்பவர். முந்தாநாள் காலை வேலைக்கு வந்தவர் வீடு திரும்பவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. வேலையைக் கெடுத்துவிட்டு ஓடிவிட்டார் என்கிறது கம்பெனி. இன்று மதியத்துக்குள் போலீசில் புகார் கொடுக்கப் போவதாகவும் சொல்லிவிட்டார்கள்.

"கோவம் வந்தா மூணு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டான்," என்றார் அக்கா. "ஆனா சாப்பாட்டு நேரத்துக்கு வந்து தட்டு முன்னாடி உட்கார்ந்துடுவான். அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு."

உள்ளே வரச் சொல்லி ஆள் வந்தது.

காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்த அறைக்குள் போனதும் ஒன்று எனக்கு வேடிக்கையாகப் பட்டது. நீளமான மேசை, சுற்றிலும் காலி நாற்காலிகள். மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மேசையின் தலைமாட்டில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நாற்காலியில உட்கார மாட்டோம்னு வேண்டுதலா?" என்று நின்றவர்களில் குண்டாக இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவர் கண்ணாலேயே சுவரைக் காட்டினார். சுவரில் பெரிய திரை. அதில் நான்கு கட்டங்கள். மூன்று சிவப்பு, ஒன்று பச்சை. முந்தின நாள் எழுதிய நிரல்களை, அதாவது ப்ரோக்ராம்களை எல்லாம், தினமும் காலையில் கணினி ஒரு தடவை சரிபார்க்குமாம். பிழை இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. சிவப்பு வாங்கியவர் முதலாளியின் முன் நின்றுகொண்டே பேச வேண்டும். பச்சை வாங்கியவர் உட்காரலாம். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்ற பிறகு இப்படி ஒரு வழக்கத்தை நான் கண்டதில்லை.

இங்கே எல்லோரையும் அவரவர் எழுதுகிற பாகத்தின் பெயராலேயே கூப்பிடுகிறார்கள். மோட்டாரை ஓட்டும் நிரலை எழுதுகிற குண்டு மனிதர் மோட்டார். மாடி எண்களைக் காட்டும் பலகைக்கு எழுதுகிற பெண் டிஸ்ப்ளே. எச்சரிக்கை மணிக்கு எழுதுகிற ஒல்லிக்குச்சி பெல். உட்கார்ந்திருந்தவர் மட்டும் மாப்பிள்ளை. முதலாளியின் மகளைக் கட்டியவர் அவர். அந்தப் பட்டத்துக்கு முன்னால் வேறு எந்தப் பட்டம் எடுபடும்?

"உங்க தம்பி செஞ்ச வேலையைப் பாருங்க," என்று முதலாளி அக்காவிடம் திரையைக் காட்டினார். "இன்னைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க. புது லிஃப்ட்டை ஓட்டிக் காட்டணும். நேத்துக் காலையிலேர்ந்து எல்லாம் படுத்துக் கிடக்கு. அவர் பாட்டுக்குக் கிளம்பிப் போயிட்டார்."

"போனதை யாராவது பார்த்தாங்களா?" என்று மேடம் கேட்டார்.

"கேட்ல அவர் அட்டையைத் தட்டியிருக்கே."

"அட்டை போயிருக்கு, சரி. ஆள் போனதை?"

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை எழுந்து வந்து, எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, காபி கொண்டுவரச் சொன்னார். தூக்கம் கெட்ட கண்கள், நல்ல சிரிப்பு. கம்பெனியில் எங்களை மனிதராக மதித்தவர் அவர் ஒருவர்தான்.

"மாமா டென்ஷன்ல இருக்கார், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "மேடம், எங்க லிஃப்ட் எல்லாம் எங்க கம்பெனியே உருவாக்கின ஒரு மொழியில ஓடுது. முழுக்கத் தமிழ்ச் சொல். அதை உருவாக்கினவர்தான் இவங்க தம்பி. மொழிக்காரர்னு கூப்பிடுவோம். நாங்க எழுதுறதை வரி வரியாப் படிச்சு மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கிறது கம்பைலர். அதுவும் அவர் எழுதினதுதான். அதுக்குப் புரியலைன்னா பிழைன்னு நின்னுடும்."

"கணக்கு வாத்தியார் மாதிரி," என்றேன்.

"வாத்தியாராவது எங்க தப்புன்னு சொல்வார். இது 'எதிர்பாராத தொடர்ப் பிழை'ன்னு மட்டும் சொல்லுது. அது காட்டுற வரியில ஒரு தப்பும் இல்ல."

"ஒரு எழுத்து மாத்தலை மேடம்," என்றார் மோட்டார். "முந்தாநாள் வரைக்கும் ஓடின ப்ரோக்ராம்தான்."

"ஒதுக்கின சொல்னு ஒன்னு உண்டு," என்று மாப்பிள்ளை தொடர்ந்தார். "'எனில்', 'வரை', 'நிறுத்து' மாதிரி சில சொற்களை மொழி தனக்குன்னு வச்சுக்கும். அதை நாம வேற எதுக்கும் பேரா வைக்கக் கூடாது. வச்சா பிழை."

"பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி."

"அதேதான். மொழிக்காரர் போறதுக்கு முன்னாடி புதுசா ஏதோ ஒரு சொல் மேல துண்டைப் போட்டிருக்கார். எந்தச் சொல்னு தெரியலை. கம்பைலரைத் திறக்கிற பாஸ்வேர்ட் அவர்கிட்ட மட்டும்தான். அந்தச் சொல் தெரிஞ்சா போதும், எல்லாரும் அதுக்குப் பதிலா வேற பேர் வச்சுக்குவோம். அஞ்சு நிமிஷ வேலை."

"எனக்கு இது தோணவே இல்ல," என்றார் டிஸ்ப்ளே. "மாப்பிள்ளை சொன்ன பிறகுதான் புரிஞ்சுது."

மேடம் காபியைத் தொடவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் என் காபி நன்றாக இருந்ததால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"அந்தச் சொல் என்னன்னு தெரிஞ்சா, உங்க தம்பி என்ன நினைச்சார்னு தெரியும்," என்று மேடம் அக்காவிடம் சொல்லிவிட்டு மூன்று பேரையும் பார்த்தார். "நீங்க எல்லாரும் எந்த வரியைப் பார்த்தீங்க?"

"பிழைன்னு காட்டின வரியைத்தான்."

"தடுக்கி விழுந்தவன் கிடக்கிற இடத்துல கல்லைத் தேடினா கிடைக்குமா? வண்டி கவிழ்ந்து கிடக்கிற இடத்தை நான் பார்க்கவே மாட்டேன். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பார்ப்பேன். குடைச்சல், மூணு பேர் திரையிலேயும் அது குறை சொல்ற இடத்துக்கு முன்னாடி என்ன சொல் இருக்குன்னு பார்த்துட்டு வா. என்கிட்ட மட்டும் சொல்லு."

நான் மூன்று மேசைக்கும் போனேன். மோட்டாரின் திரையில் 'வேகம்', 'கதவு', 'பதில்' என்று வரிசையாக இருந்தன. அடுத்த சொல்லில் சிவப்புக் கோடு. டிஸ்ப்ளேயின் திரையில் 'மாடி', 'கதவு'. அங்கேயும் அடுத்ததில் கோடு. பெல்லின் திரைக்குக் குனிந்தபோதே எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மேடத்துக்கு முன்னால் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் இன்னொருவர் கெடப் போகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"கதவு," என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. "மூணுலேயும் கதவுதான் மேடம்."

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் காபி வயிற்றிலேயே ஆறிவிட்டது.

அதற்குள் மூன்று பேரும் விசைப்பலகையில் பாய்ந்திருந்தார்கள். கதவை ஒருவர் 'பலகை' ஆக்கினார், ஒருவர் 'வழி' ஆக்கினார். திரையில் ஒரு கட்டம் பச்சையானது. பிறகு இன்னொன்று. கடைசியாகப் பெல்லினுடையதும் மாறியது. யாரோ கை தட்டினார்கள். இரண்டு நாளாக நின்ற மூன்று பேரும் பொத்தென்று நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

முதலாளி முதல் தடவையாகச் சிரித்தார். "மாப்பிள்ளை, புது ப்ரோக்ராமை டெஸ்ட் டவர்ல ஏத்துங்க. அவங்க வர்றதுக்குள்ள ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம்."

"ஏத்தச் சொல்லிட்டேன் மாமா. நானே போய் ஓட்டறேன்," என்று மாப்பிள்ளை மேசையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது என் தோளைத் தட்டி, "பெரிய உதவி பண்ணீங்க," என்றார். அந்தக் கை ஈரமாக இருந்தது. முதலாளியும் பின்னாலேயே போனார்.

அறையில் சத்தம் அடங்கியது. அக்கா மட்டும் சுவரோரமாக நின்றுகொண்டு, "இதுல என் தம்பி எங்க இருக்கான்?" என்றார்.

"ஒருத்தர் ஒன்னைப் பூட்டி வச்சிருக்கார்னா, ஏன்னு தெரியாம திறக்கக் கூடாதுடா," என்று மேடம் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோட்டார் சார், ஒரு சந்தேகம். உங்க கம்பெனி வழக்கப்படி உங்களை மோட்டார்ங்கிறாங்க. இவங்க டிஸ்ப்ளே, அவர் பெல். மாப்பிள்ளைக்கு அந்தப் பட்டம் இல்லேன்னா என்னன்னு கூப்பிடுவீங்க?"

மோட்டார் வாயைத் திறந்தார். சொல் வெளியே வர ஒரு நொடி பிடித்தது.

"கதவு," என்றார்.

பச்சைக் கட்டங்கள் நான்கும் சுவரில் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

"லிஃப்ட் கதவுக்கு ப்ரோக்ராம் எழுதறவர்," என்றார் மேடம். "எப்பவாவது ஒரு தடவை கதவைப் பத்தி எழுதின உங்க மூணு பேருக்கும் சிவப்பு. பொழுதன்னிக்கும் கதவையே எழுதறவருக்குப் பச்சை. எப்படி?"

டிஸ்ப்ளே ஏற்கெனவே மாப்பிள்ளையின் நிரலைத் தன் திரையில் திறந்துவிட்டார். மேலிருந்து கீழ் வரை ஓட்டினார். "ஒரு கதவுகூட இல்ல மேடம். எல்லா இடத்துலேயும் 'வாசல்'னு மாத்தியிருக்கார்."

"எப்போ?"

"முந்தாநாள் சாயங்காலம்."

"கம்பைலர் அந்தச் சொல்லை மறுக்க ஆரம்பிச்சது எப்போ?"

"நேத்துக் காலையில," என்றார் பெல். "முந்தாநாள் சாயங்காலம் அது யாருக்குமே தெரிஞ்சிருக்க முடியாது. பூட்டினவருக்கு மட்டும்தான்."

"அவர் வாயால கேட்டவருக்கும்," என்றார் மேடம்.

ஒரு மனிதனுக்கு என்னவோ செய்துவிட்டு, அதே கையோடு மேசைக்குத் திரும்பி வந்து, மறுநாள் மாமனார் முன்னால் நிற்க நேரக் கூடாதே என்று தன் நிரலை ஒழுங்குபடுத்தியிருக்கிறார். இங்கே வேலை செய்கிறவனைத் தவிர வேறு யாருக்கும் அப்படி ஒரு எண்ணம் வராது. மற்ற மூவருக்கும் சொல்லைச் சொல்லிக்கொடுத்தால் மாட்டிக்கொள்வார். அதனால் வேறு யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று இரண்டு நாளாகக் காத்திருந்திருக்கிறார். வந்து வாய்த்தவன் நான்.

"அந்த ப்ரோக்ராம்ல வேற என்ன மாத்தியிருக்கார், பாருங்க," என்றார் மேடம்.

மோட்டார் மூச்சு வாங்கக் குனிந்து படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது.

"லிஃப்ட் கிளம்புறதுக்கு முன்னாடி என்னோட ப்ரோக்ராம் கதவுகிட்ட கேட்கும், மூடியிருக்கியா, பூட்டு விழுந்துதான்னு. அது சென்சாரைப் பார்த்துட்டுப் பதில் சொல்லணும். இங்க சென்சாரைப் பார்க்கிற வரியே இல்ல. எப்போ கேட்டாலும் சரின்னு சொல்லும்." அவர் நிமிர்ந்தார். "புதுசா வாங்கின சென்சார் அடிக்கடி மக்கர் பண்ணுது மேடம். மூடின கதவைத் திறந்திருக்குன்னு சொல்லி லிஃப்ட்டை நடுவுல நிறுத்திடுது. அதை வாங்கினது மாப்பிள்ளைதான். மாமனார்கிட்ட சொல்ல முடியாம கேள்வியையே எடுத்துட்டார் போல."

"கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் கிளம்பிடும்?"

"கிளம்பிடும்."

அக்கா சுவரை விட்டு நகர்ந்து வந்தார். "அதான் என் தம்பி அந்தச் சொல்லைப் பூட்டியிருக்கான்," என்றார். "அவன் எதையும் வாயால சொல்லிப் புரிய வைக்க மாட்டான் மேடம். சின்ன வயசுலேர்ந்தே அப்படி. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டுவான்."

மேடம் அவரைக் கூர்ந்து பார்த்தார். "கதவு விஷயத்தைக் காட்டணும்னா இங்க எங்க கூட்டிட்டுப் போவாங்க?"

"டெஸ்ட் டவர்," என்றார் பெல். "பின்பக்கம் இருக்கு. புது ப்ரோக்ராமை அங்க ஏத்தி ஓட்டிப் பார்த்துட்டுத்தான் வெளிய அனுப்புவோம்."

"நேத்து யாராவது அங்க போனீங்களா?"

"எதுக்குப் போகணும்? ப்ரோக்ராமே தயாராகலையே. பூட்டித்தான் கிடக்கு. சாவி மாப்பிள்ளைகிட்ட..."

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மேடம் முடிக்கச் சொல்லவும் இல்லை. அவருடைய அடுத்த கேள்வி மோட்டாருக்கு. "முதல் ஓட்டத்துல லிஃப்ட் என்ன செய்யும்?"

"மேலேர்ந்து முழுசா கீழ இறக்குவோம். தரைக்கும் கீழ ஒரு குழி இருக்கு, அதுல ஸ்பிரிங் இருக்கும். பெட்டி அந்த ஸ்பிரிங்கை அழுத்துற வரைக்கும் இறக்கிப் பார்க்கிறது இங்க வழக்கம்."

"பழைய ப்ரோக்ராம் இருந்தவரைக்கும், கதவு சரியா மூடலைன்னா அது இறங்காது. இப்போ இறங்கும்." மேடம் கைப்பையைத் தோளில் மாட்டினார். "இவங்க தம்பி அந்தக் குழியில கிடந்தா, அந்தப் பிழைதான் ரெண்டு நாளா அவர் உயிரைப் பிடிச்சு வச்சிருந்திருக்கு. நாம அதைச் சரி பண்ணிட்டோம்."

நான் போனை எடுத்தேன். மேடம் என் கையைத் தட்டிவிட்டார். "போன் பண்ணினா அவன் உஷாராகிச் சீக்கிரமா ஓட்டிடுவான். ப்ரோக்ராம் ஏறி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு காபி குடிக்கிற நேரம்," என்றார் டிஸ்ப்ளே. "இப்போ முடிஞ்சிருக்கும்."

நாங்கள் ஓடினோம். நான் ஓடிய ஓட்டத்தை என் பள்ளி விளையாட்டு வாத்தியார் பார்த்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார். பின்பக்கம் இரும்புச் சாமான்கள் குவிந்து கிடந்த முற்றம். அதன் கோடியில் சன்னலே இல்லாத ஒரு கான்கிரீட் கோபுரம். அதை ஒட்டி ஒரு ஜெனரேட்டர் காது செவிடாகும்படி உறுமிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒருவன் இரண்டு நாள் கத்தினாலும் வெளியே கேட்காது.

கோபுரத்துக்குள் ஒரே குளிர். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு சாத்தியிருந்தது. அதற்கு எதிரே கட்டுப்பாட்டு மேசை. திரையில் 'தயார்' என்று பச்சையில் எழுதியிருந்தது. முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேல் இருந்தது.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அங்கேயே நின்று பேச ஆரம்பித்திருப்பேன். நேராகப் போய் மேசையில் செருகியிருந்த சாவியைத் திருகிப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டேன். திரை அணைந்தது.

"என்ன பண்றே நீ?" என்று முதலாளி பாய்ந்தார்.

"அவனை விடுங்க சார்," என்றார் மேடம். மூச்சு வாங்கினாலும் குரல் நிதானமாக இருந்தது. "உங்க லிஃப்ட்டை நான் நிறுத்த வரலை. ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. மாப்பிள்ளை அந்தக் கதவைத் திறந்து, கீழ குழியில ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வரட்டும். அப்புறம் தாராளமா ஓட்டுங்க."

மாப்பிள்ளை சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். ஆனால் கால் நகரவில்லை.

"எதுக்கு மேடம்? அங்க ஒன்னும் இல்ல."

"ஒன்னும் இல்லாத இடத்தைப் பார்க்க என்ன கஷ்டம்?"

"பார்த்துட்டு வாங்க மாப்பிள்ளை," என்றார் முதலாளி எரிச்சலோடு. "இவங்களை அனுப்பிட்டு வேலையைப் பார்ப்போம்."

மாப்பிள்ளை ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. கதவை நோக்கிக் கையை நீட்டினார். கை பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வெறுப்பு வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது.

அக்கா அவரைத் தாண்டிப் போனார். கதவின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். அது ஒரு சத்தமும் இல்லாமல் வழுக்கித் திறந்தது.

முதலாளியின் முகம் மாறியது. ஆயிரம் குற்றம் சொல்லலாம், ஆனால் அவர் லிஃப்ட்டிலேயே வாழ்ந்தவர். "பூட்டு விழவே இல்ல," என்றார். "பூட்டு விழாம எப்படி 'தயார்'னு காட்டிச்சு?"

"கேட்கிற வரியை எடுத்துட்டார் சார்," என்றார் மோட்டார் வாசலில் நின்றபடி.

மேடம் டார்ச்சை உள்ளே அடித்தார். எண்ணெய் வாடையும் ஈர வாடையும் முகத்தில் மோதின. கீழே குழியில் கசிந்த தண்ணீர் தேங்கியிருந்தது. பருத்த ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் ஒருவர் சுவரில் சாய்ந்து கிடந்தார். ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. அட்டை தொங்க வேண்டிய கழுத்துப் பட்டியில் ஒன்றும் இல்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"டேய்," என்றார் அக்கா. "டேய், இங்க பாரு."

அசைவில்லை. பெல் வெளியே ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் தண்ணீர் சொட்டுகிற ஒலி மட்டும் கேட்டது. அக்கா சுவரில் பதித்த இரும்புப் படிகளில் இறங்க ஆரம்பித்தார். நான் என் சட்டைப்பையில் இருந்த சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் வாயைத் தைத்துப்போட்டால் இவர் பிழைப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே ஊசி நூலைக் கேட்டிருப்பேன்.

அப்போது கீழிருந்து ஒரு குரல் வந்தது. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது, காய்ந்த தொண்டையிலிருந்து ஓர் உரசல்.

"ஓட்டிடாதீங்க..." என்றது அது. "அந்த லிஃப்ட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடாதீங்க."

எனக்குப் பின்னால் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினேன். மாப்பிள்ளை தரையில் மண்டியிட்டிருந்தார்.

"செத்துட்டார்னு நினைச்சேன்," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "வரியைத் திரும்பச் சேர்க்கலைன்னா மாமாகிட்ட சொல்லிடுவேன்னார். பூட்டை நெம்பிக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, இப்படித்தான் ஒருத்தன் விழுவான்னு காட்டினார். நான் சும்மா... ஒரு தள்ளுதான். கூப்பிட்டுப் பார்த்தேன், பதிலே வரலை. லிஃப்ட் இறங்கினா விபத்துன்னு ஆயிடும்னு..."

முதலாளி மருமகனைப் பார்க்கவில்லை. அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிரலைச் சற்று முன் ஏற்றச் சொன்னது தன் வாய்தான் என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். டிஸ்ப்ளே போனில் ஆம்புலன்சுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழே அக்கா தம்பியின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். விரலில் தண்ணீர் தொட்டு அவர் உதட்டை நனைத்தார். அவர் என்னவோ முனகினார், அக்கா குனிந்து காதைக் கொடுத்தார்.

மாப்பிள்ளை கைகளை ஊன்றி, தவழ்ந்தே குழியின் விளிம்புக்கு வந்தார். மேடம் தடுக்கவில்லை.

"அக்கா," என்று கீழே பார்த்துக் கூப்பிட்டார். "உயிர் இருக்காக்கா?"

அக்கா தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். டார்ச் வெளிச்சத்தில் கண்கள் ஈரமாக இருந்தன. ஆனால் பேச்சு நடுங்கவில்லை.

"உயிரும் இருக்கு, நினைவும் இருக்கு," என்றார். "நடந்ததை ஒன்னு விடாம சொல்லிக்கிட்டிருக்கான். நீயும் இருந்து கேட்டுட்டுப் போ."